ரீஜெனரேட்டிவ் சுழற்சிக் கணக்கு இடிக்கிறதா? விடையை வைத்தே பிழையைப் பிடிக்கலாம்

ரீஜெனரேட்டிவ் ராங்கின் சுழற்சியில் (டர்பைனின் நடுவில் உருவிய நீராவியால் பாய்லருக்குப் போகும் நீரைச் சூடாக்கும் நீராவிச் சுழற்சி) பயனுறுதிறன் கணக்குப் போடுகிறவர்கள் வழுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். வாய்ப்பாடு தெரியாமல் யாரும் விழுவதில்லை. டர்பைனின் நடுவில் கொஞ்சம் நீராவியை உருவிய பிறகு எந்தக் குழாயில் எவ்வளவு நிறை ஓடுகிறது என்பதில் கவனம் தப்பிவிடுகிறது. எளிய சுழற்சியில் எல்லா இடத்திலும் ஒரு கிலோதான், யோசிக்கவே வேண்டாம். இங்கே அப்படி இல்லை.

இதில் ஒரு வசதியும் உண்டு. ஒவ்வொரு தப்பும் தனக்கென்று ஒரு விடையை வைத்திருக்கிறது. அந்த விடையை அடையாளம் தெரிந்துகொண்டால், நாலு பக்கத்தையும் முதலிலிருந்து திருப்பிப் பார்க்காமல் நேராகத் தப்பான வரிக்கே போய்விடலாம். அதற்கு முதலில் சரியான கணக்கு ஒன்று கையில் இருக்க வேண்டும்.

## ஒப்பிட ஒரு கணக்கு

பாய்லரிலிருந்து 100 பார், 500 டிகிரி செல்சியஸ் நீராவி வருகிறது. 10 பாரில் ஒரு திறந்த ஹீட்டருக்கு (நீரும் நீராவியும் நேராகக் கலக்கும் வகை) பிளீட், அதாவது நடுவில் உருவும் நீராவி, எடுக்கிறோம். கண்டென்சர் 0.1 பார். டர்பைனிலும் பம்புகளிலும் இழப்பு இல்லை. அழுத்தம் எல்லாமே தனி அழுத்தம் (முழு வெற்றிடத்திலிருந்து அளந்தது). என்தால்பி (நீரோ நீராவியோ சுமந்து செல்லும் ஆற்றல்) எண்கள் கிலோவுக்குக் கிலோஜூலில்:

டர்பைன் நுழைவு: 3375.1 (என்ட்ரோபி 6.5995)
பிளீட்: 2783.8
டர்பைன் வெளியேற்றம்: 2089.7 (உலர்வுப் பின்னம், அதாவது நிறையில் நீராவியாக உள்ள பங்கு, 0.793)
கண்டென்சர் அடிநீர்: 191.8
முதல் பம்பைத் தாண்டியதும்: 192.8
ஹீட்டரிலிருந்து வெளிவரும் தெவிட்டிய நீர்: 762.5
இரண்டாம் பம்பைத் தாண்டியதும்: 772.7

ஹீட்டரின் ஆற்றல் சமன்பாட்டிலிருந்து பிளீட் பங்கு = (762.5 − 192.8) ÷ (2783.8 − 192.8) = 0.220. பாய்லரில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.22 கிலோ நடுவில் பிரிகிறது, 0.78 கிலோ கண்டென்சர் வரை போகிறது.

பாய்லர் கொடுத்த வெப்பம் 2602.4. கண்டென்சர் வாங்கிக்கொண்ட வெப்பம் 0.78 × (2089.7 − 191.8) = 1480.6. நிகர வேலை 1121.8. பயனுறுதிறன் 43.1 சதவீதம்.

இதே 100 பார், 0.1 பார் எல்லைகளுக்குள் ஹீட்டரே இல்லாத எளிய சுழற்சியில் கொடுத்த வெப்பம் 3173.2, நிகர வேலை 1275.3, பயனுறுதிறன் 40.2 சதவீதம்.

பங்கை நான் 0.2199 என்றே வைத்துக் கணக்கிட்டிருக்கிறேன். உங்கள் அட்டவணையைப் பொறுத்துக் கடைசி இலக்கம் கொஞ்சம் ஆடலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

## அறிகுறி: ஹீட்டர் சேர்த்ததும் நிகர வேலை குறைந்துவிட்டது

இது பிழையே இல்லை. 1275 கிலோஜூல் இருந்த இடத்தில் 1122 வந்ததைப் பார்த்ததும் பலர் பதறிப்போய்ச் சரியான கணக்கைக் கலைத்துவிடுகிறார்கள். நடுவில் உருவிய நீராவி டர்பைனின் பின்பாதியில் வேலை செய்யவில்லை. அதனால் ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் வேலை கட்டாயம் குறையும். அதைவிட அதிக விகிதத்தில் பாய்லரின் சுமை குறைகிறது: வேலையில் 12 சதவீத இழப்பு, வெப்பத்தில் 18 சதவீத மிச்சம். லாபம் அந்த இடைவெளியில்தான்.

வேலை குறையாமல் அப்படியே நின்றாலோ கூடினாலோதான் சந்தேகப்பட வேண்டும்.

## அறிகுறி: பயனுறுதிறன் எளிய சுழற்சியைவிடக் கீழே போய்விட்டது

எவ்வளவு கீழே என்று பாருங்கள்.

35.4 சதவீதம் அருகே வந்தால், வேலையைச் சரியாகப் போட்டுவிட்டு, பாய்லர் வெப்பத்துக்குப் பழைய எளிய சுழற்சியின் 3173.2-ஐ விட்டுவைத்திருக்கிறீர்கள். அதாவது ஹீட்டர் வைத்ததன் நஷ்டம் கணக்கில் ஏறிவிட்டது, லாபம் ஏறவில்லை. பாய்லருக்குள் நுழையும் நீர் இப்போது 772.7-இல் வருகிறது, எளிய சுழற்சியில் பம்பைத் தாண்டியதும் இருந்த 201.9-இல் அல்ல. எளிய சுழற்சியை முதலில் முடித்துவிட்டு அதே தாளில் தொடர்ந்து எழுதும்போது இது அடிக்கடி நடக்கும்.

38.1 வந்தால், டர்பைன் வேலை முழுவதையும் 0.78-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். பிளீட் வரைக்கும் முழு ஒரு கிலோவும் விரிந்து வேலை செய்துதான் வருகிறது. முன்பாதி 591.3 அப்படியே நிற்க வேண்டும், பின்பாதி 694-க்கு மட்டுமே 0.78.

இரண்டும் இல்லாமல் 40.2-க்கு மிக அருகில் வந்தால், பிளீட் அழுத்தம் கண்டென்சர் அழுத்தத்துக்கோ பாய்லர் அழுத்தத்துக்கோ ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். கண்டென்சர் அழுத்தத்திலேயே உருவினால் நீரைச் சூடாக்க ஒன்றும் மிஞ்சாது. டர்பைன் வாசலிலேயே உருவினால் வேலையே செய்யாத நீராவியை வீணாகச் சுற்றவிடுகிறோம். இரண்டு முனையிலும் லாபம் பூஜ்ஜியம், நடுவில் ஒரு மேடு. நம் கணக்கில் 2 பாரில் எடுத்தால் 42.6, 10 பாரில் 43.1, 40 பாரில் 42.3. மேடு ரொம்பத் தட்டை. பிளீட் அழுத்தத்தைத் துல்லியமாகத் தேடி இரவெல்லாம் கணினியை ஓட்டுவது வீண்வேலை என்பது என் கருத்து. பாய்லரின் தெவிட்டு வெப்பநிலை 311, கண்டென்சரின் 46, நடுப்புள்ளி சுமார் 178 டிகிரி. 10 பாரின் தெவிட்டு வெப்பநிலை 179.9. ஒற்றை ஹீட்டருக்கு இந்த நடுப்புள்ளி விதியே போதும்.

## அறிகுறி: விடை சந்தேகப்படும்படி நன்றாக இருக்கிறது

இதுதான் ஆபத்தானது. குறைவாக வந்தால் யாரும் தேடிப் பார்ப்பார்கள். அதிகமாக வந்தால் சந்தோஷமாக அடிக்கோடு போட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

இரு வெப்பநிலைகளுக்கு இடையே சாத்தியமான உச்சமான கார்னோ எல்லையோடு ஒப்பிடுவது இங்கே உதவாது. 500 டிகிரிக்கும் 45.8 டிகிரிக்கும் இடையே கார்னோ பயனுறுதிறன் 58.7 சதவீதம். அவ்வளவு உயரத்தில் வேலி போட்டால் எந்தத் தப்பும் அதைத் தாண்டாது. வேலியைக் கிட்டே கொண்டுவர வேண்டும். அதற்கு வெப்பம் ஏறும் சராசரி வெப்பநிலையை எடுங்கள்: பாய்லரில் கொடுத்த வெப்பத்தை, பாய்லரில் ஏறிய என்ட்ரோபியால் வகுத்தால் கெல்வினில் வந்துவிடும். கீழே 0.6492 கண்டென்சர் அடிநீரின் என்ட்ரோபி, 2.1381 ஹீட்டரிலிருந்து வெளிவரும் நீருடையது.

எளிய சுழற்சி: 3173.2 ÷ (6.5995 − 0.6492) = 533.3 கெல்வின். கண்டென்சர் 318.96 கெல்வின். ஒன்றிலிருந்து இவற்றின் விகிதத்தைக் கழித்தால் 40.2 சதவீதம். நாம் முன்பு கண்ட அதே விடை, இம்மியும் பிசகாமல்.

ரீஜெனரேட்டிவ்: 2602.4 ÷ (6.5995 − 2.1381) = 583.3 கெல்வின். எல்லை 45.3 சதவீதம்.

ஹீட்டரால் கிடைப்பது இந்த 50 கெல்வின் உயர்வுதான். குளிர்ந்த நீரைச் சூடாக்கும் தாழ்ந்த வெப்பநிலை வேலை பாய்லரின் தலையிலிருந்து இறங்கியதால் சராசரி மேலே போனது. இனி 45.3-க்கு மேல் என்ன விடை வந்தாலும் யோசிக்காமல் நிராகரிக்கலாம்.

49 வந்தால், பின்பாதி டர்பைனில் 0.78-ஐப் பெருக்க மறந்திருக்கிறீர்கள். உருவிய நீராவி ஹீட்டரையும் சூடாக்கிவிட்டு டர்பைனையும் சுற்றியதாக இரட்டை வரவு எழுதியாகிவிட்டது. மாணவர் தாள்களில் மிக அதிகமாகக் கண்ணில் படுவது இதுதான்.

47.6 அல்லது 47.7 வந்தால் விஷயம் மூடிய ஹீட்டர் பக்கம். அதற்குக் கீழே வருகிறேன்.

சரி, எல்லை 45.3, விடை 43.1. நடுவில் 2.2 எங்கே போனது? ஹீட்டருக்குள். 46 டிகிரி நீரும் 180 டிகிரி நீராவியும் நேருக்கு நேர் கலக்கும்போது என்ட்ரோபி உருவாகிறது: 2.1381 − 0.2199 × 6.5995 − 0.7801 × 0.6492 = 0.1804. இதைக் கண்டென்சரின் 318.96 கெல்வினால் பெருக்கினால் 57.5 கிலோஜூல், கொடுத்த வெப்பத்தில் 2.2 சதவீதம். 45.3-இலிருந்து 2.2 போனால் 43.1. கணக்கு மூன்றாவது வழியிலும் மூடிவிட்டது.

இந்தச் சரிபார்ப்பைப் பாடமாக யாரும் வற்புறுத்துவதில்லை. தேர்வுத் தாளில் இதற்கு மதிப்பெண்ணும் கிடையாது. ஆனால் வேலை வழியும் வெப்ப வழியும் ஒத்துப்போய், இரண்டுமே தப்பாக இருக்கும் சந்தர்ப்பங்களை இது மட்டும்தான் பிடிக்கும். உதாரணமாக, பிளீட் என்தால்பியை அட்டவணையின் வேறு வரியிலிருந்து எடுத்துவிட்டால் ஆற்றல் சமன்பாடுகள் எல்லாமே சமாதானமாக மூடிக்கொள்ளும். அந்த வரியின் என்ட்ரோபியையே போட்டுப் பார்த்தால் என்ட்ரோபி மட்டும் மூடாது. ஹீட்டரில் உருவான என்ட்ரோபி எதிர்மறையாக வந்தால் விவாதமே வேண்டாம், ஏதோ ஒரு நிலை தப்பு.

## அறிகுறி: வேலை வழிக்கும் வெப்ப வழிக்கும் வித்தியாசம்

டர்பைன் வேலையிலிருந்து பம்ப் வேலையைக் கழித்தும் நிகர வேலையைக் காணலாம், கொடுத்த வெப்பத்திலிருந்து வெளியேறியதைக் கழித்தும் காணலாம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இடைவெளியின் அளவே விலாசம் சொல்லும்.

இடைவெளி 10 கிலோஜூல் என்றால் இரண்டாம் பம்பின் 10.1-ஐ என்தால்பியில் ஏற்றிவிட்டு வேலையில் கழிக்கவில்லை. 2.2 என்றால் இரண்டாம் பம்பையும் 0.78-ஆல் பெருக்கிவிட்டீர்கள். அது ஹீட்டருக்குப் பின்னால் இருக்கிறது, பிரிந்தது எல்லாம் அங்கே மறுபடி சேர்ந்துவிட்டது, முழு ஒரு கிலோ. 0.22 என்றால் முதல் பம்பைப் பெருக்கவில்லை. இந்த 0.22 பயனுறுதிறனில் தெரியவே தெரியாது, ஆனால் படம் மனதில் சரியாக இல்லை என்பதற்கு அது சாட்சி.

இடைவெளி நூற்றுக்கணக்கில் இருந்தால் பம்பைத் தேடாதீர்கள். நிறை சமன்பாடுதான்.

## அறிகுறி: பிளீட் பங்கு விநோதமாக வருகிறது

ஒற்றைத் திறந்த ஹீட்டருக்கு 0.1 முதல் 0.3 வரைக்குள் இருந்தால் பொதுவாக நம்பலாம். நம் கணக்கில் 2 பாருக்கு 0.136, 40 பாருக்கு 0.307.

0.997, அதாவது கிட்டத்தட்ட ஒன்று: ஹீட்டரிலிருந்து வெளிவருவது தெவிட்டிய நீர். நீங்கள் தெவிட்டிய நீராவியின் 2777.1-ஐ எடுத்திருக்கிறீர்கள். அட்டவணையில் பக்கத்துப் பக்கத்து நெடுவரிசை, கண் ஒரு கட்டம் தாண்டினால் போதும்.

0.282: மூடிய ஹீட்டரின் வாய்ப்பாட்டைத் திறந்த ஹீட்டருக்குப் போட்டுவிட்டீர்கள். பகுதியில் (வகுக்கும் எண்ணில்) 192.8-க்குப் பதில் 762.5 கழிந்திருக்கும். இதற்கு உறுதியான அடையாளம்: வேலை வழியில் 41.5 சதவீதம், வெப்ப வழியில் 47.6 சதவீதம் என்று இரண்டும் இரு திசைக்கு ஓடும்.

எதிர்மறை: ஹீட்டரை விட்டு வெளிவரும் நீர் உள்ளே போனதைவிடக் குளிர்ந்திருக்கிறது என்று பொருள். அதாவது பிளீட் அழுத்தம் கண்டென்சர் அழுத்தத்துக்கும் கீழே போய்விட்டது. இன்றைக்கு இது அட்டவணையால் வருவதைவிட மென்பொருளால்தான் அதிகம் வருகிறது. பைத்தானில் கூல்ப்ராப் (நீராவிப் பண்புகளைத் தரும் நிரல் தொகுப்பு) வைத்துக் கணக்கிடுகிறவர்கள் அழுத்தத்தைப் பாஸ்கலில் கொடுக்க வேண்டும். 10 பாரை 1000 கிலோபாஸ்கல் என்று நினைத்து 1000 என்று தட்டினால் அது 0.01 பார், தெவிட்டு வெப்பநிலை 7 டிகிரி, தெவிட்டிய நீரின் என்தால்பி 29. அப்புறம் பங்கு எதிர்மறையாகத்தான் வரும். திரும்பக் கிடைக்கும் என்தால்பியும் ஜூலில் வரும், ஆயிரத்தால் வகுக்க மறக்க வேண்டாம்.

## அறிகுறி: உலர்வுப் பின்னம் ஒன்றைத் தாண்டிவிட்டது

பிளீட் நிலை ஈரமா, சூப்பர்ஹீட்டா (தெவிட்டு வெப்பநிலையைத் தாண்டிச் சூடானதா) என்று பார்க்காமலே ஈர நீராவி வாய்ப்பாட்டைப் போட்டதன் பலன். நம் உதாரணம் வேண்டுமென்றே எல்லைக்கோட்டில் நிற்கிறது: 10 பாரில் தெவிட்டிய நீராவியின் என்ட்ரோபி 6.5850, நம்முடையது 6.5995. தலைமுடி அளவு சூப்பர்ஹீட். ஈர வாய்ப்பாடு 1.003 என்று விடை தரும். அதை அப்படியே வைத்துத் தொடர்ந்தால்கூட என்தால்பி 2783.6 வரும், 0.2 கிலோஜூல்தான் வித்தியாசம். அந்தத் துணிச்சலில் 40 பாருக்கும் அதே வேலையைச் செய்தால் உலர்வுப் பின்னம் 1.16, என்தால்பியில் 25 கிலோஜூல் தப்பு.

பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்: எந்த அழுத்தத்திலும் முதலில் தெவிட்டிய நீராவியின் என்ட்ரோபியோடு ஒப்பிட வேண்டும், அதன் பிறகே வாய்ப்பாடு.

வெளியேற்றத்தில் வந்த 0.793 பற்றி ஒரு வார்த்தை. கணக்காகச் சரி, இயந்திரமாகச் சரியில்லை. ஐந்தில் ஒரு பங்கு ஈரத்தை எந்தக் கடைசி வரிசை பிளேடும் நெடுநாள் தாங்காது. உண்மையான ஆலைகளில் ரீஹீட் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

## அறிகுறி: இருவர் போட்டால் 36.7, 37.5 என்று இரண்டு விடை

டர்பைனுக்கு 85 சதவீத ஐசென்ட்ரோபிக் திறன் (இழப்பில்லாத வேலையில் உண்மையில் கிடைக்கும் பங்கு) என்று கேள்வியில் கொடுத்திருப்பார்கள். இருவரும் கவனமாகத்தான் போட்டிருப்பார்கள். விடை வேறு.

ஒருவர் பிளீட் நிலைக்கும் வெளியேற்ற நிலைக்கும் இரண்டுக்குமே டர்பைன் வாசலிலிருந்து 0.85-ஐப் பயன்படுத்தினார். பிளீட் 2872.5, வெளியேற்றம் 2282.5, பயனுறுதிறன் 36.7. மற்றவர் டர்பைனை இரண்டு துண்டாகப் பார்த்தார்: பிளீட்டின் உண்மையான நிலையிலிருந்து புதிதாக ஒரு ஐசென்ட்ரோபிக் கோடு கீழே இறக்கி அதற்கு 0.85 போட்டார். வெளியேற்றம் 2257.3, பயனுறுதிறன் 37.5.

முதல் துண்டில் ஏற்பட்ட உராய்வு வெப்பம் நீராவியிலேயே தங்கிவிடுகிறது, இரண்டாம் துண்டு அதில் கொஞ்சத்தை மீட்கிறது. அதனால்தான் இந்த 25 கிலோஜூல். கேள்வியில் 'ஒவ்வொரு நிலைக்கும்' (ஸ்டேஜ், அதாவது டர்பைனின் ஒவ்வொரு துண்டுக்கும்) என்று இருந்தால் இரண்டாவது வழி, 'டர்பைனின் மொத்தத் திறன்' என்று இருந்தால் முதல் வழி. ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால் எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். திருத்துகிறவர் கையில் இருக்கும் விடை வேறு வழியில் வந்திருந்தாலும் அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும்.

## மூடிய ஹீட்டர்: வடிநீரைத் தொலைத்த கணக்கு

மூடிய ஹீட்டரில் நீரும் நீராவியும் கலப்பதில்லை. நீர் குழாய்க்குள், நீராவி வெளியே. குளிர்ந்து நீரான பிளீட் தனியாக வடிகிறது. அந்த வடிநீர் எங்கே போகிறது என்பதை வைத்துத்தான் விடை.

வடிநீர் டிராப் (நீரை மட்டும் விட்டு நீராவியைத் தடுக்கும் வால்வு) வழியாகக் கண்டென்சருக்கு இறங்குகிறது என்று வைப்போம். ஒப்பீட்டுக்காகப் பாய்லருக்குப் போகும் நீரை அதே 772.7-இல் வைத்துக்கொள்கிறேன். குழாய்க்குள் ஓடுவது முழு ஒரு கிலோ, ஏனென்றால் வடிநீரும் கண்டென்சரில் சேர்ந்துதான் திரும்பி வருகிறது. இங்கே 0.78 போடக் கூடாது. பங்கு = (772.7 − 201.9) ÷ (2783.8 − 762.5) = 0.282.

கண்டென்சரில் வெளியேறும் வெப்பத்துக்கு இரண்டு பகுதி: டர்பைனிலிருந்து வரும் நீராவி 1362, வடிநீர் கொண்டுவரும் 161. மொத்தம் 1523, பயனுறுதிறன் 41.5. இரண்டாவது பகுதியை மறந்தால் 47.7 வரும். மேலே சொன்ன 45.3 வேலியைத் தாண்டுகிறது, மாட்டிக்கொள்ளும்.

டிராப்பில் என்தால்பி மாறாது. அழுத்தம் விழுந்ததும் வடிநீரில் கொஞ்சம் ஆவியாகும், அவ்வளவுதான். சிலர் அந்த இடத்தில் கண்டென்சர் அழுத்தத்தின் தெவிட்டிய நீர் என்தால்பியைப் போட்டுவிடுகிறார்கள். அப்போது அந்த 161 கிலோஜூல் காற்றில் கரைந்துபோகும்.

திறந்த ஹீட்டரில் 43.1, இதில் 41.5. வடிநீரின் சூட்டைக் கண்டென்சரில் கொட்டுவதற்கான விலை அது. வடிநீரைப் பம்ப் செய்து முன்னால் செல்லும் நீரோடு சேர்த்தால் மறுபடி 43-ஐ நெருங்கலாம்.

## ஆலையில் எடுத்த அளவுகளை வைத்துக் கணக்கிடும்போது

மேட்டூர், தூத்துக்குடி போன்ற அனல்மின் நிலையங்களின் 210 மெகாவாட் அலகுகளில் ஹீட்டர் ஒன்றல்ல, ஒரு வரிசை. தாழ் அழுத்த ஹீட்டர்கள், டிஅரேட்டர் (நீரில் கரைந்த காற்றை நீக்குவது), அதற்குப் பின் உயர் அழுத்த ஹீட்டர்கள். டிஅரேட்டர்தான் திறந்த ஹீட்டர், மற்றவை மூடியவை. ஆலைக்காரர்கள் பயனுறுதிறன் என்று பேச மாட்டார்கள், ஹீட் ரேட் என்பார்கள். 860-ஐப் பயனுறுதிறனால் வகுத்தால் ஒரு யூனிட்டுக்கு இத்தனை கிலோகலோரி என்று வரும். நம் 43.1 அங்கே 1995, எளிய சுழற்சியின் 40.2 அங்கே 2140. எண் குறைந்தால் நல்லது என்பதைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

ஹீட்டரின் உடல்நிலையைச் சொல்ல இரண்டு வெப்பநிலை வித்தியாசங்கள் போதும். டி.டி.டி. (டெர்மினல் டெம்பரேச்சர் டிஃபரன்ஸ்) என்பது ஷெல் (குழாய்களைச் சூழ்ந்த உறை) அழுத்தத்தின் தெவிட்டு வெப்பநிலையிலிருந்து வெளிவரும் ஊட்டுநீரின் வெப்பநிலையைக் கழித்தது. டி.சி.ஏ. (டிரெய்ன் கூலர் அப்ரோச்) என்பது வடிநீரின் வெப்பநிலையிலிருந்து உள்ளே வரும் ஊட்டுநீரின் வெப்பநிலையைக் கழித்தது.

டி.டி.டி. எதிர்மறையாக வந்தால் உடனே தப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். உயர் அழுத்த ஹீட்டருக்கு வரும் பிளீட் நல்ல சூப்பர்ஹீட்டில் இருக்கும். அதைத் தனியாக உறிஞ்சும் பகுதி ஹீட்டருக்குள் இருந்தால், நீர் தெவிட்டு வெப்பநிலையை ஓரிரு டிகிரி தாண்டி வெளிவரலாம். தாழ் அழுத்த ஹீட்டரில் அப்படி வந்தால்தான் சந்தேகம். முதலில் கேஜ் அழுத்தத்தைத் தனி அழுத்தமாக மாற்றினீர்களா என்று பாருங்கள். கேஜ் 10 பார் காட்டினால் உண்மையில் 11 பார். தெவிட்டு வெப்பநிலை 179.9 அல்ல, 184.1. நாலு டிகிரி தப்பு, ஹீட்டர் புத்தம் புதிதுபோலத் தெரியும்.

கண்டென்சர் பக்கமும் இதே கதை. வெற்றிட மானி 685 மில்லிமீட்டர் பாதரசம் காட்டுகிறது. 760-இலிருந்து கழித்து 75 மில்லிமீட்டர், அதாவது 0.1 பார் என்று எழுதிவிடுவோம். அன்றைக்கு அந்த இடத்தின் காற்றழுத்தம் 745 ஆக இருந்தால் உண்மை 60 மில்லிமீட்டர், 0.08 பார். தெவிட்டு வெப்பநிலை 45.8-இலிருந்து 41.5-க்கு இறங்கிவிடும். பாரோமீட்டரைப் படிக்காமல் வெற்றிடத்தைப் படித்துப் பயனில்லை.

அளவுகள் சரி, ஆனாலும் டி.டி.டி. ஏறியிருக்கிறது, டி.சி.ஏ. வழக்கம்போல இருக்கிறது: குழாய்களில் படிவு, ஷெல்லில் காற்று தங்கியிருப்பது, நீர்ப்பெட்டியின் தடுப்புத் தகடு கசிவது. தாழ் அழுத்த ஹீட்டரில் சில வெற்றிடத்தில் ஓடுகின்றன என்பதால் காற்றைத்தான் முதலில் சந்தேகிப்பேன். வென்ட் வால்வைப் பார்ப்பது செலவில்லாத வேலை.

டி.சி.ஏ. ஏறியிருக்கிறது: ஷெல்லில் நீர்மட்டம் தாழ்ந்து, வடிநீர் குளிரும் பகுதிக்குள் நீராவி புகுந்திருக்கும். மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டி.டி.டி. ஏறி, மட்டமும் ஏறியிருக்கிறது, அவசர வடிகால் அடிக்கடி திறக்கிறது: குழாய் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஊட்டுநீர்ப் பம்ப் அனுப்பும் அளவுக்கும் பாய்லருக்குப் போய்ச்சேரும் அளவுக்கும் இடையே விளக்க முடியாத வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். இதில் தாமதம் கூடாது. மட்டம் மேலும் ஏறினால் நீர் பிளீட் குழாய் வழியாக டர்பைனுக்கே திரும்பிப் போகும் அபாயம் உண்டு.

இரண்டு வித்தியாசமும் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் ஊட்டுநீர் போதிய சூட்டில் வெளிவரவில்லை: இது பலரைக் குழப்பும். ஹீட்டர் தனக்குக் கிடைத்த நீராவியை வைத்து ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, கிடைத்த நீராவியின் அழுத்தம்தான் குறைவு. டர்பைன் முனையில் பிளீட் அழுத்தத்தையும் ஷெல் அழுத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் வழக்கத்தைவிட அதிகம் என்றால் குழாயில் உள்ள திரும்பாவால்வு பாதி திறந்தபடி சிக்கியிருக்கும். அங்கேயும் ஒன்றுமில்லை என்றால் ஊட்டுநீரின் பைபாஸ் வால்வு பொசிகிறதா என்று பாருங்கள். ஹீட்டரின் வாயிலேயே எடுத்த வெப்பநிலையும் பைபாஸ் வந்து சேர்ந்த பிறகு எடுத்த வெப்பநிலையும் காட்டிக்கொடுத்துவிடும்.

## அறிகுறி: ஹீட்டரை நிறுத்தியதும் மெகாவாட் கூடிவிட்டது

உயர் அழுத்த ஹீட்டரைப் பழுதுக்காகத் தனிமைப்படுத்தினால் பிளீட் நிற்கிறது, அந்த நீராவி முழுவதும் டர்பைனின் கடைசி வரை ஓடுகிறது, லோடு ஏறுகிறது. அதைப் பார்த்து 'ஹீட்டர் இல்லாமலே நன்றாக ஓடுகிறதே' என்று சொல்கிறவர்களைக் கட்டுப்பாட்டு அறையில் கேட்கலாம்.

நம் மாதிரியிலேயே போட்டுப் பாருங்கள். பாய்லரின் நீராவி அளவு மாறாமல் ஹீட்டரை எடுத்துவிட்டால் வேலை 1122-இலிருந்து 1275-க்கு, 14 சதவீதம் ஏறும். வெப்பம் 2602-இலிருந்து 3173-க்கு, 22 சதவீதம் ஏறும். பல ஹீட்டர் உள்ள ஆலையில் ஒன்றை நிறுத்தினால் எண்கள் இதைவிடச் சிறிதாக இருக்கும், திசை இதேதான். எகனாமைசருக்கு (பாய்லரில் ஊட்டுநீர் முதலில் சூடாகும் பகுதி) குளிர்ந்த நீர் வருகிறது, அதே நீராவிக்கு நிலக்கரி அதிகமாக எரிய வேண்டும், சூப்பர்ஹீட் வெப்பநிலை எகிறி ஸ்ப்ரே நீர் கூடும். டர்பைனின் பின்வரிசை பிளேடுகள் வடிவமைப்பில் நினைத்ததைவிட அதிக நீராவியைச் சுமக்கும். அதனால்தான் எத்தனை ஹீட்டர் வெளியே இருக்கும்போது லோடை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று டர்பைன் தயாரிப்பாளரின் இயக்கக் கையேட்டில் வரம்பு கொடுத்திருப்பார்கள். மெகாவாட் மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.